சமமானவரை வரிசைப்படுத்துதல்: கூடைப்பந்துத் தரநிலையும் திருவுளச்சீட்டும்

தகுதியில் சமமான இருவர் முன்னிற்க, ஒருவருக்கு மட்டுமே கொடுக்கக்கூடிய ஓர் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி நீதியைப் பற்றிய சிந்தனையில் மிகப் பழையது, இன்றும் தீராதது. அவரவர் தகுதிக்கு உரியதை அவரவருக்கு அளிப்பதே நீதி என்று கொண்டால், தகுதி சமமாக இருக்கும் இடத்தில் நீதிக்குச் சொல்ல ஏதும் இல்லாமல் போகிறது. ஆனால் முடிவு எடுக்காமல் இருக்கவும் வழியில்லை. இறையியலாளரும் மெய்யியலாளரும் நூற்றாண்டுகளாக விவாதித்த இந்த நெருக்கடி, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதத் தொடக்கத்தில் விதிப்புத்தகத்தின் ஒரு பக்கமாக வந்து நிற்கிறது.

அந்நாட்டின் பல்கலைக்கழக அணிகள் பல கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒவ்வொரு கூட்டமைப்பும் தன் உறுப்பு அணிகளுக்குள் ஒரு பருவம் முழுவதும் லீக் ஆட்டங்களை நடத்திப் புள்ளிப்பட்டியலை உருவாக்குகிறது. பின்னர் அந்தப் பட்டியலின் வரிசைப்படி அணிகளுக்குத் தரநிலை அளித்து, தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் முறையில் சில நாட்களுக்குள் ஒரு போட்டித்தொடரை நடத்துகிறது. தரநிலை என்பது வெறும் மரியாதை அல்ல: மேல்வரிசையில் இருப்பவர் முதல் ஓரிரு சுற்றுகளை ஆடாமலே கடக்கலாம், முதலில் சந்திக்கும் எதிரணியும் வலுக்குறைந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். தொடரை வெல்லும் அணிக்கோ தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைக்கிறது. முன்பு இதன் கனம் இன்னும் கடுமையாக இருந்தது. 1974இல் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் 103-100 என்று தோற்ற மேரிலாந்து, நாட்டின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்றாக இருந்தும், ஒரு கூட்டமைப்புக்கு ஓர் அணி என்ற அன்றைய விதியால் தேசியப் போட்டிக்குள் நுழைய முடியவில்லை. மறு ஆண்டே அப்போட்டி 32 அணிகளுக்கு விரிவாக்கப்பட்டு, ஒரே கூட்டமைப்பிலிருந்து இரண்டாம் அணிக்கும் வழி திறந்தது.

இரு அணிகள் ஒரே வெற்றி-தோல்விக் கணக்கில் பருவத்தை முடிக்கும்போது அவற்றைப் பிரிக்கும் ஏற்பாட்டை டை-பிரேக்கர் என்பர். கூட்டமைப்புக்குக் கூட்டமைப்பு நுணுக்கங்கள் மாறினாலும் பொதுவான படிகள் மூன்று. முதலில், அவ்விரு அணிகளும் தமக்குள் மோதிய ஆட்டங்களில் வென்றது யார் என்று பார்க்கப்படுகிறது. அதில் சமநிலை என்றால், பட்டியலின் உச்சியில் இருக்கும் அணிக்கு எதிராக யார் சிறப்பாக ஆடினார் என்றும், அதிலும் வேறுபாடு இல்லையேல் அடுத்த அணிக்கு எதிராக என்றும், இப்படியே பட்டியலின் அடிவரை இறங்கிப் பார்க்கப்படுகிறது. அங்கும் பிரிக்க முடியாதபோது பூவா தலையா போட்டுப் பார்ப்பதோ சீட்டெடுப்பதோ கடைசிப் படி.

2025ஆம் ஆண்டு மகளிர் பருவத்தில் தென்கிழக்குக் கூட்டமைப்பு இந்தக் கடைசிப் படிவரை இறங்க நேர்ந்தது. அதன் 16 அணிகளில் ஒவ்வொன்றும் 14 அணிகளை ஒரு முறையும் எஞ்சிய ஓர் அணியை இரு முறையும் சந்திக்கும்படி அட்டவணை அமைந்திருந்தது. சவுத் கரோலினாவுக்கு அந்த இரு முறை எதிரணி டெக்சஸ், டெக்சஸுக்கு சவுத் கரோலினா. இரண்டும் மற்ற 14 அணிகளையும் வென்றன. தமக்குள் ஆளுக்கொரு வெற்றி பெற்று, 15 வெற்றி, 1 தோல்வி என்ற கணக்கில் முடித்தன. தமக்குள் மோதிய முடிவும் சமம், பிற அணிகளுக்கு எதிரான முடிவுகளும் உச்சி முதல் அடிவரை சமம் என்ற நிலையில், மார்ச் 2 அன்று கூட்டமைப்பின் ஆணையர் கிரெக் சாங்கி தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்க நாணயத்தைச் சுண்டினார். முதல் தரநிலை சவுத் கரோலினாவுக்குச் சென்றது. லீக் பட்டமோ இரு அணிகளுக்கும் பொதுவாகவே நின்றது. பகிரக்கூடிய பெருமை பகிரப்பட்டது, பகிர முடியாத இடத்துக்கு மட்டுமே நாணயம் தேவைப்பட்டது என்பது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது.

ஆனால் இரு அணிகளும் உண்மையிலேயே சமமாக இருந்தனவா? சவுத் கரோலினா தன் ஊரில் 67-50 என்று 17 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. டெக்சஸ் தன் ஊரில் 66-62 என்று 4 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் சவுத் கரோலினா 13 புள்ளி முன்னிலையில் நிற்கிறது. வேறுபாடு இல்லாமல் இல்லை, கண்ணெதிரே இருக்கிறது. விதி அதைப் பார்க்க மறுக்கிறது. அந்த மறுப்புக்கு ஓர் அறக்காரணம் உண்டு: வித்தியாசத்துக்கு மதிப்பளித்தால், வென்று முடித்த ஆட்டத்திலும் வலியவர் எளியவரை மேலும் மேலும் அடித்து நொறுக்கக் காரணம் கிடைத்துவிடும். எனவே சமத்துவம் என்பது இங்கு இயற்கையில் கண்டெடுக்கப்பட்ட ஒன்றன்று. எந்த வேறுபாடுகள் கணக்கில் வரலாம், எவை வரக்கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்த ஒரு சமூகம் தானே நிறுவிக்கொண்ட எல்லை அது. வேறுபாடுகள் தீர்ந்துபோன இடத்தில் நாணயம் சுண்டப்படவில்லை. கணக்கில் வரத்தக்கவை தீர்ந்துபோன இடத்தில்தான் சுண்டப்பட்டது.

ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் இதன் ஒரு பாதியைத் தெளிவாகக் கண்டிருந்தார். 1715-16இல் சாமுவேல் கிளார்க்குடன் நடத்திய கடித விவாதத்தில், எதுவும் போதிய காரணமின்றி நிகழ்வதில்லை என்ற கொள்கையிலிருந்து, எல்லா வகையிலும் ஒத்த இரண்டு பொருள்கள் உலகில் இருக்கவே முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் ஒத்த இரண்டு இலைகளைத் தேடிச் சென்ற ஒருவர் வெறுங்கையோடு திரும்பியதை அதற்குச் சான்றாகவும் காட்டினார். அவர் வழியில் போனால் எந்த இரு அணிகளையும் பிரிக்க ஏதோவொரு வேறுபாடு எப்போதும் அகப்படும். ஆயினும் ஒரு வேறுபாடு இருப்பது வேறு, அது ஒருவருக்கு முன்னுரிமை தரும் நியாயமாக இருப்பது வேறு. இலையின் நரம்பு மாறியிருப்பது அந்த இலையை மேலானதாக்குவதில்லை.

லைப்னிட்ஸுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி இதே முடிச்சை வேறு முனையிலிருந்து பிடித்தார். மெய்யியலாளர்களை மறுத்து எழுதிய நூலில், எல்லா வகையிலும் ஒத்த இரண்டு பேரீச்சம்பழங்களின் முன் நிற்கும், ஒன்றை மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு மனிதனை அவர் கற்பனை செய்கிறார். அவன் பட்டினியாக நின்றுவிடுவதில்லை, ஒன்றை எடுக்கிறான். ஒத்தவற்றுள் ஒன்றைக் காரணமின்றியே வேறாக்கி எடுக்கும் ஆற்றலே சித்தம் எனப்படுவது என்பது அவர் வாதம். இறைவன் உலகை ஒரு குறிப்பிட்ட கணத்தில் ஏன் படைத்தான், வேறொரு கணத்தில் ஏன் படைக்கவில்லை என்ற கேள்விக்கு அவர் தந்த விடையின் ஒரு பகுதி அது. பின்னர் அதை மறுத்த மெய்யியலாளர் இப்னு ருஷ்து, அந்த மனிதன் ஒரு பழத்தைவிட மற்றொன்றை விரும்பவில்லை, உண்ணாமல் இருப்பதைவிட உண்பதையே விரும்பினான் என்றார். இந்த மறுமொழி நாணயத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆணையர் டெக்சஸைவிட சவுத் கரோலினாவை விரும்பவில்லை. போட்டித்தொடர் நடக்காமல் போவதைவிட நடப்பதை விரும்பினார். அட்டவணையின் முதல் வரியில் யாரேனும் ஒருவர் பெயர் எழுதப்பட்டாக வேண்டும்; எந்தப் பெயர் என்பதற்குத்தான் காரணம் இல்லையே தவிர, ஒரு பெயரை எழுதுவதற்குப் போதிய காரணம் இருக்கிறது.

கிறித்தவ மரபில் சீட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. யூதாஸின் இடத்தை நிரப்ப வேண்டியபோது, யோவானின் திருமுழுக்குக் காலம்முதல் இயேசுவுடன் இருந்தவராக இருக்க வேண்டும் என்ற தகுதி முதலில் வகுக்கப்பட்டது. அதன்படி யோசேப்பு பர்சபா, மத்தியா என்ற இருவர் நிறுத்தப்பட்டனர். பிறகே சீட்டுப் போடப்பட்டு மத்தியா எஞ்சிய பதினொரு அப்போஸ்தலரோடு சேர்க்கப்பட்டார் என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது. 2012 நவம்பர் 4 அன்று கெய்ரோவில் காப்டிக் திருச்சபையின் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும் இதே ஒழுங்கே பின்பற்றப்பட்டது: வாக்கெடுப்பில் தேர்ந்த மூவரின் பெயர்களிலிருந்து, கண்கள் கட்டப்பட்ட ஒரு சிறுவன் எடுத்த சீட்டு இரண்டாம் தவாத்ரோஸைத் தலைவராக்கியது. இரு நிகழ்வுகளிலும் மனித மதிப்பீடு தன்னால் இயன்ற தொலைவு சென்ற பிறகே சீட்டு வருகிறது, இறைவனின் திருவுளத்தை வெளிப்படுத்துவதாக வருகிறது. புனித அகுஸ்தீனோ இதை அன்றாட அறத்துக்கே கொண்டுவந்தார். கையில் மிகுதியாக உள்ள ஒன்றை ஒருவருக்கு மட்டுமே கொடுக்க முடியும், தேவையிலும் உறவிலும் சமமான இருவர் வந்து நிற்கிறார்கள் என்றால், சீட்டுப் போட்டு ஒருவருக்குக் கொடுப்பதைவிட நேர்மையானது வேறில்லை என்பது அவர் கருத்து. தாமஸ் அக்குவினாஸ் சீட்டுகளை மூவகையாகப் பிரித்து, யாருக்கு எது என்று பங்கிடும் சீட்டையும், என்ன செய்வது என்று கேட்கும் சீட்டையும், வருவதை அறிய முயலும் சீட்டையும் வேறுபடுத்தினார். கூடைப்பந்து ஆணையரின் நாணயம் முதல் வகையைச் சேர்ந்தது. அது எந்த ஆலோசனையும் கேட்கவில்லை, எந்த ஆரூடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலினா டெக்சஸை 64-45 என்று வென்றதை நாணயத்தின் தீர்ப்பு மெய்ப்பட்டதாகக் காண்பது, பங்கிடும் சீட்டை ஆரூடச் சீட்டாக மாற்றிவிடும் குழப்பமே.

இறைநம்பிக்கை விலகிய இடத்தில் சீட்டுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு சீட்டும் இறைவனிடம் நேரே தீர்ப்புக் கேட்பது என்பதால் விளையாட்டுக்கு அதைப் பயன்படுத்துவது தெய்வ நிந்தை என்று வாதிட்ட இங்கிலாந்துப் பியூரிட்டன்களுக்கு 1619இல் ஒரு முழு நூலால் பதில் சொன்ன தாமஸ் கேட்டக்கர், தாமும் போதகர்தாம். இறைவனின் பராமரிப்பு சீட்டில் சிறப்பாகச் செயல்படுகிறது என்று கொள்ள இடமில்லை, மற்ற எல்லாத் தற்செயல் நிகழ்வுகளையும் போன்றதே அது என்றார். அவர் சொன்னதை ஏற்றால், சீட்டின் அதிகாரம் அதன் பாகுபாடற்ற தன்மையிலும், எல்லோரும் முன்கூட்டியே அதற்கு உடன்பட்டிருப்பதிலும் மட்டுமே நிற்கிறது. இது குறைந்த அதிகாரம் போலத் தோன்றினாலும் இதற்கு ஓர் அரிய பண்பு உண்டு: தோற்றவரை அது தாழ்ந்தவர் என்று சொல்வதில்லை. இரண்டாம் தரநிலை பெற்ற டெக்சஸ் அணியினரிடம் நாணயம் எந்தக் குறையையும் சுட்டவில்லை.

அதற்கு முந்தைய படிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை தகுதியின் மொழியில் பேசுகின்றன. மூன்று அணிகள் சமமாக முடிக்கும் நிலையில் இந்தப் பேச்சின் தடுமாற்றம் நன்கு வெளிப்படுகிறது. அ அணி இ அணியையும், இ அணி உ அணியையும், உ அணி அ அணியையும் ஒரு முறை வென்றிருந்தால், மூன்றையும் மட்டும் கொண்டு போடும் சிறுபட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. தேர்தல்களில் இதே சுழல் எழுவதை 1785இல் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே விளக்கினார். அடுத்த படியாக, பட்டியலில் முதலிடம் பெற்ற அணியை அ, இ இரண்டும் வென்றிருக்க, உ தோற்றிருந்தால், உ மூன்றாம் இடத்துக்கு இறங்குகிறது. மிஞ்சிய இரண்டையும் மீண்டும் முதற்படியிலிருந்து ஒப்பிட வேண்டும் என்று விதி இருந்தால், இ அணியை வென்ற அ மேலே வரும். விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்று இருந்தாலோ, இரண்டாமிடம் பெற்ற அணிக்கு எதிரான முடிவைப் பார்க்க வேண்டும்; அந்த அணியை இ வென்று அ தோற்றிருந்தால் இ மேலே வரும். ஆடப்பட்ட ஆட்டங்கள் அவையேதான். ஒரு பத்தியின் வாசகம் வரிசையைத் தலைகீழாக்குகிறது. உச்சியில் உள்ளவரை வெல்வது, அடியில் உள்ளவரிடம் தோற்காமல் இருப்பதைவிட ஏன் மேலான தகுதி என்பதற்கும் விளையாட்டிலிருந்து கிடைக்கும் விடை ஏதுமில்லை. துணிச்சலைப் பொறுப்புணர்வுக்கு மேலாக வைக்கும் ஒரு மதிப்பீடு அது. இத்தகைய படிகளை நியாயமாக்குவது அவற்றுள் ஒளிந்திருப்பதாகக் கருதப்படும் நுண்தகுதி அன்று. பருவம் தொடங்குமுன்னரே, யாருக்கு எது சாதகமாகும் என்று எவருக்கும் தெரியாத வேளையில் அவை எழுதப்பட்டுவிடுவதே.

இன்னொரு வழியும் உண்டு: மீண்டும் ஆடிப் பார்ப்பது. கூட்டமைப்புப் போட்டித்தொடரே நடத்தாமல் லீக் முதலிடத்தையே தேசியப் போட்டிக்கு அனுப்பிவந்த ஐவி லீக், 2017இல் தொடரைத் தொடங்கும்வரை இந்த வழியைத்தான் கையாண்டது. 2015இல் ஹார்வர்டும் யேலும் சமமாக முடித்தபோது, பிலடெல்பியாவின் பலெஸ்ட்ரா அரங்கில் ஒரே ஓர் ஆட்டம் வைக்கப்பட்டு ஹார்வர்ட் 53-51 என்று வென்றது. இரண்டு புள்ளி என்பது ஒரே ஒரு முறை பந்து வளையத்துக்குள் விழுவது. ஒரு பருவம் முழுதும் ஆடியும் பிரிக்க முடியாத இருவரை அந்த ஒரு பந்து பிரித்தது என்றால், அதில் தற்செயலின் பங்கு நாணயத்தில் இருப்பதைவிட வெகுவாகக் குறைவு என்று சொல்வது கடினம். ஆயினும் தோற்றவர் தம் கையாலேயே தோற்றார். தம் விதியில் தமக்கும் ஒரு பங்கு இருந்தது என்ற உணர்வை அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. மனிதரைச் செயல்படுவோராக மதிப்பது நீதியின் ஒரு கூறு என்றால், இந்த வேறுபாடு சிறியதன்று.

எனவே நாணயம் போதுமா என்பதை, அதன்மேல் வைக்கப்படும் பொருளின் கனத்தைக் கொண்டே சொல்ல முடியும். 2025இல் சவுத் கரோலினாவுக்கும் டெக்சஸுக்கும் இடையில் இருந்தது சிறிய பணயம்: முதல் நான்கு தரநிலைகளுக்கும் நேரே காலிறுதியில் நுழையும் சலுகை இருந்தது, முதலிரு அணிகளும் இறுதி ஆட்டத்துக்கு முன் ஒன்றையொன்று சந்திக்க வழியில்லை. அகுஸ்தீன் கண்ட சூழலுக்கு அது மிக அருகில் இருந்தது. நாணயம் அங்குப் பொருத்தமே. நான்காம், ஐந்தாம் இடங்களுக்கு நடுவில் அதே நாணயம் விழுந்தால் ஓர் அணி கூடுதலாக ஓர் ஆட்டம் ஆட வேண்டிவரும். இன்னும் கீழே போனால் நிலை முற்றிலும் மாறுகிறது. 2024இல் 18 அணிகளாகப் பெருத்த பிக் டென் கூட்டமைப்பு, அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பு இரண்டும் 2025ஆம் ஆண்டுத் தொடர்களில் முதல் 15 அணிகளை மட்டுமே சேர்த்துக்கொண்டன. அங்கே பதினைந்தாம், பதினாறாம் இடங்களுக்கு இடையிலான சமநிலை, ஆடுவதற்கும் ஊரிலேயே இருந்துவிடுவதற்கும் இடையிலானது. அணிகள் பெருகப் பெருக எல்லோரும் எல்லோருடனும் இரு முறை ஆடுவது இயலாமல் போய், முதலிரு படிகளுக்குத் தேவையான ஆட்டங்களே குறைந்து, நாணயம் முன்னைவிட அருகில் வருகிறது. அந்தப் பதினைந்தாம் இடத்துக்காவது, நாட்காட்டியில் ஒரு நாளை ஒதுக்கி இரு அணிகளையும் ஆடவிடுவதே கூட்டமைப்புகள் தம் மாணவர்களுக்குச் செய்யக் கடமைப்பட்டது.