கோர்க்கியின் குடும்பம் இருக்கும் கடல்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோடை விடுமுறை என்றால், பல குடும்பத்தினர் கடலோரம் கூடாரம் அடித்துச் சில நாள் தங்குவார்கள். ஒரு நாளைக் கடல்விலங்குப் பூங்காவுக்கு என்று ஒதுக்குவார்கள். சான்டியாகோ நகரின் சீவேர்ல்டு 1964-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே ஷாமு என்ற ஓர்கா அங்கே வந்து சேர்ந்தது. கறுப்பு வெள்ளை உடம்போடு தண்ணீரைக் கிழித்து எழும்பும் அந்தப் பெரிய உயிரைக் கிட்டத்தில் பார்ப்பது பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிய பாடம் என்று பெற்றோர் மனதார நம்புகிறார்கள். என் எண்ணம் வேறு. ஓர்காவைப் பற்றி ஒரு குழந்தை அறிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்தக் குளத்தில் கிடையாது. கூடாரம் அடித்த கரையில்தான் அது கிடைக்கும்.

கோர்க்கி என்ற பெண் ஓர்காவை எடுத்துக்கொள்வோம். 1969 டிசம்பரில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையில் உள்ள பெண்டர் ஹார்பரில் அதை வலை வளைத்துப் பிடித்தார்கள். அப்போது அது சிறு குட்டி. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஒரு பூங்காவில் வளர்ந்து, 1987-இல் சான்டியாகோவுக்கு மாற்றப்பட்டது. ஏழு முறை கருவுற்றது. ஈன்ற குட்டிகளில் ஒன்றுகூட இரண்டு மாதம் தாண்டவில்லை. அது பிடிபட்ட காலத்தில் ஓர்காக்களுக்குக் குடும்பம் உண்டு என்பதே சரியாகத் தெரியாது. மைக்கேல் பிக் என்ற கனடிய ஆய்வாளர் 1970-களில்தான் முதுகுத் துடுப்பையும் அதன் பின்னாலுள்ள சாம்பல் திட்டையும் படமெடுத்து, ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் கண்டார். அக்கடலில் மீனுண்டு வாழும் ஓர்காக்களில் மகனும் மகளும் வாழ்நாள் முழுக்கத் தாயை விட்டுப் பிரிவதில்லை என்ற உண்மை அந்தப் படங்களிலிருந்து வெளிவந்தது. பின்னர் ஜான் ஃபோர்டு நீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கிக் கேட்டபோது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக் குரல்வழக்கு இருப்பது தெரியவந்தது. தாய், பாட்டி, கூட்டத்தின் குரல், சால்மன் மீன் வரும் பருவம் இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஓர்கா. குளத்தில் இருப்பது அதன் உடல் மட்டுமே.

கோர்க்கி பிறந்த கூட்டத்தின் வழிவந்தவை இன்றும் கோடையில் வான்கூவர் தீவின் வடகிழக்கே ஜான்ஸ்டன் நீரிணைக்கு வருகின்றன. சால்மன் மீன்கள் ஆறுகளைத் தேடி அந்த வழியே போகும் காலம் அது. ராப்சன் பைட் என்ற இடத்தில் ஓர்காக்கள் கரையோரம் வந்து வழவழப்பான கூழாங்கற்களில் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். அதைக் காக்கவே 1982-இல் அந்த இடத்தைக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே கரையில் மனிதர் இறங்கக் கூடாது. சுற்றியுள்ள கரைகளில் கயாக் படகோடு வந்து கூடாரம் அடிக்கும் குடும்பங்கள் உண்டு. இருட்டில் எதுவும் தெரியாதபோதுகூட, ஓர்காக்கள் மூச்சுவிடும் பெருஞ்சத்தம் கரைக்குக் கேட்கும். பெரியதாகவும் சிறியதாகவும் அந்த மூச்சுகள் அடுத்தடுத்து வரும்போது, இவை கூட்டமாக வாழும் உயிர்கள் என்று பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூங்காக்கள் இல்லாவிட்டால் ஓர்காவை யாரும் நேசித்திருக்கவே மாட்டார்கள் என்று வாதிடுவோர் உண்டு. இது தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. 1964-இல் வான்கூவர் அக்வேரியத்துக்காக, சிலை செய்ய மாதிரி வேண்டும் என்று ஓர் ஓர்காவை ஈட்டி எறிந்து கொல்லப் போனார்கள். அது சாகவில்லை. மோபி டால் என்று பெயரிடப்பட்ட அந்த விலங்கு மூன்று மாதத்துக்கும் குறைவாகவே உயிரோடு இருந்தது. ஆனாலும், ஓர்காவைக் கண்டால் சுட்டுக்கொண்டிருந்த ஒரு கரையின் மனத்தை அது மாற்றியது. இதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த அன்பு பிறந்த கையோடு, அதே கடலில் குட்டிகளை வளைத்துப் பிடித்து விற்கும் தொழிலும் வளர்ந்தது. கோர்க்கி அதில் சிக்கியதுதான். அச்சம் போக ஒரு காலத்தில் குளம் உதவியது என்பதால், இன்றும் குளம் வேண்டும் என்று ஆகிவிடாது.

மீட்புப் பணியைச் சுட்டிக்காட்டுவோர் சொல்வதும் நியாயமே. 1997-இல் கலிஃபோர்னியாக் கரையில் தாயற்றுக் கிடந்த சாம்பல் திமிங்கிலக் குட்டி ஒன்றைச் சீவேர்ல்டு ஊழியர்கள் வளர்த்து, மறு ஆண்டு கடலில் விட்டார்கள். பெரிய காரியம் அது. அதற்கு மருத்துவரும் பாலும் இடமும் தேவைப்பட்டன. காட்சி மேடை தேவைப்படவில்லை. பூங்காவுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், இப்படிப்பட்ட மீட்புக்கூடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கடலில் பார்ப்பது எல்லாருக்கும் கைகூடாது, போனாலும் தென்படும் என்ற உறுதி இல்லை என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். இரண்டு நாள் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பும் பிள்ளைக்கு ஏமாற்றம் வரும். என்றாலும், அந்த விலங்குக்கு நம் நேரம் பொருட்டல்ல, அதற்கென்று ஒரு பயணம் உண்டு என்பது அப்போதுதான் புரியும். படகில் துரத்திப்போய்ப் பார்ப்பது இதற்கு மாற்றாகாது. எஞ்சின் சத்தம் ஒலியை நம்பி இரைதேடும் உயிருக்கு இடைஞ்சல். கரையிலிருந்து பார்ப்பதே நல்லது. குளங்களின் காலமும் முடிந்துவருகிறது. இந்தியா 2013-இல் டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி மறுத்தது. 2016-இல் சீவேர்ல்டே ஓர்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. இத்தகைய விலங்குகளை அடைத்துவைப்பதற்கு எதிராகக் கனடா 2019-இல் சட்டமே இயற்றியது. நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் ஓர்காவைப் பார்க்கக் கடல் ஒன்றுதான் வழி என்றாகலாம். அதனால் ஜான்ஸ்டன் நீரிணைக்கு வரும் சால்மனையும் அங்குள்ள அமைதியையும் காப்பதற்கு, குளங்களைக் கட்டுவதற்குச் செலவிட்டதைவிடக் கூடுதலாகவே நாம் செலவிட வேண்டியிருக்கும்.