சார்ந்ததன் வண்ணமும் இளஞ்சிறார் மனவமைதியும்

திருச்சிற்றம்பலம்



ஆன்மாவின் இயல்பை ஆராய்ந்த நம் சந்தான ஆசிரியர்கள், அது தனித்து நில்லாது ஒன்றைச் சார்ந்தே நிற்குமென்றும், எதனைச் சாருமோ அதன் வண்ணமாய் விளங்குமென்றும் துணிந்தனர். தன்னை அடுத்த மலரின் நிறத்தைப் பளிங்கு காட்டுதல் இதற்கு உவமை. பாசத்திற் கட்டுண்ட உயிர் பதியைச் சார்ந்து சிவமாந்தன்மை எய்துமாற்றை விளக்கவே இவ்வுண்மையை நாம் பெரும்பாலும் எடுத்தாளுகின்றோம். பள்ளிக்கூடத்தில் அமர்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுவனிடத்தும் இதுவே நிகழ்கின்றதென எண்ணுவார் சிலரே. அச்சிறுவனுடைய மனக்கலக்கத்தைத் தணிக்கும் நெறியை இச்சித்தாந்தக் கண்கொண்டு நோக்குவதே இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

சிறார்க்குக் கலக்கம் ஏது என்பார் கோட்டைப்பட்டினத்தை நோக்குக. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீழ்கடற்கரையில் உள்ள இவ்வூர் ஒரு மீன்பிடித் துறை. விசைப்படகேறிக் கடல்மேற் சென்ற தந்தையர் மீளுங்காறும் இல்லத்தார் நெஞ்சு கரையிலேயே நிற்கும். 2021ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள் இத்துறையினின்று சென்ற படகொன்று நெடுந்தீவை அடுத்த கடலில் இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதுண்டு மூழ்க, அதிற் சென்ற நால்வரும் உயிர் துறந்தனர். அந்நிகழ்ச்சியை இவ்வூர்ச் சிறார் செய்தித்தாளிற் படித்தறியவில்லை, தெருவிலே கண்டறிந்தனர். இனி, ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகட்கு மீன்பிடித் தடை உண்டு. தேர்வு முடியுங்காலமும் வீட்டில் வருவாய் ஒழியுங்காலமும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. இந்நிலையில், மதிப்பெண் குறையின் வாழ்வே குறைந்தது என்று மூத்தோர் உரைக்கும் சொல், முன்னரே பாரம் ஏறிய தோணியின்மேல் மற்றுமொரு மூடையை ஏற்றுதல் போலாம்.

இக்கலக்கத்திற்கு மருந்தாகப் பள்ளிகளில் மூச்சுப்பயிற்சியும் தியானமும் கற்பிக்கவேண்டுமெனப் பலரும் இஞ்ஞான்று கூறுகின்றனர். நமக்கு இது புதுமையன்று. திருமந்திரம் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரிப்பது. மூச்சு ஓடும் வழியே மனமும் ஓடுமென்பது யோகநூலார் துணிபு. உள்வாங்குங்கால் இதயத்துடிப்புச் சிறிது விரைகின்றது, வெளிவிடுங்கால் தணிகின்றது என்று இக்கால மருத்துவரும் கண்டனர். ஆகலின், வெளிவிடும் மூச்சை நீட்டினால் உடலின் பதற்றம் தணிதல் கூடும். இரேசகத்தின் பயன் இவ்வாறு இருதிறத்தார்க்கும் உடன்பாடாயிற்று.

தமிழ்நிலத்தில் இதனை ஆய்ந்து பார்த்தாரும் உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போரால் நைந்த மக்கட்கு மூச்சுப்பயிற்சி, சாந்தி ஆசனம், செபம், தியானம் ஆகியவற்றை மருத்துவத்தின் ஓர் அங்கமாகக் கற்பித்தனர். செபத்திற்குரிய சொல்லை அவரவர் சமயத்தினின்றே எடுத்தனர் என்பது கருதற்பாலது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபின், இலங்கையின் வடகிழக்கில் 8 முதல் 14 வயதுக்குட்பட்ட 31 சிறாரிடத்து ஓர் ஆய்வு நிகழ்ந்தது. ஒரு சாரார்க்குத் தாம் பட்டதை முறையே எடுத்துரைக்கும் வழியும், மற்றொரு சாரார்க்குத் தியானமும் உடற்றளர்ச்சியும் ஆறாறு அமர்வுகளிற் பயிற்றப்பட்டன. ஆறு திங்கள் கழித்து நோக்கியபோது, முன்னவருள் நூற்றுக்கு 81 பேரும் பின்னவருள் நூற்றுக்கு 71 பேரும் நலம் எய்தியிருந்தனர். ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிதாயினும், பயிற்றுவித்தோர் பயிற்சி பெற்ற உள்ளூரார் என்பது நம் கருத்திற்கு மிக இயைவது.

அற்றேல், எப்பள்ளியிலும் இதனைப் பாடமாக வைத்துவிட்டாற் போதுமோ எனின், போதாதென்க. பிரித்தானிய நாட்டில் 80க்கு மேற்பட்ட பள்ளிகளில் 8,000க்கு மேற்பட்ட மாணாக்கரைக் கொண்டு நிகழ்ந்த பேராய்வொன்றின் முடிபு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. தியானப்பாடம் பெற்ற சிறார், வழக்கமான மனநலப்பாடம் பெற்றாரினும் மிக்க பயன் எய்தினாரல்லர். அவருட் பெரும்பாலோர் வீட்டில் அப்பயிற்சியைச் செய்யவேயில்லை. ஆயின், அதனைக் கற்பித்த ஆசிரியர்க்கோ அப்போதைக்கு மனச்சோர்வு குறைந்தது. பள்ளியின் சூழலும் சிறிது இனிதாயிற்று. இதனால் நாம் பெறுவது யாது? பாடமென்னும் பெயரால் ஊட்டப்படும் அமைதி மற்றொரு தேர்வாய் முடியும். தான் சார்ந்திருப்பவர் பதறுங்கால், பத்துமுறை மூச்சை எண்ணுவதனால் மட்டும் குழந்தை அமைதியுறாது. பளிங்கின் நிறத்தை மாற்ற விழைவோன் பளிங்கைத் துடைத்து ஆவதென்? அருகுள்ள மலரையன்றோ மாற்றுதல் வேண்டும்! ஆகவே முதற்கண் பயிலவேண்டியவர் ஆசிரியரும் பெற்றோருமே.

ஆசிரியர் தாம் ஒரு திங்களேனும் நாடோறும் பயின்ற பின்னரே சிறார்க்குக் கற்பித்தல் முறை. கற்பிப்பதும் எளிதாதல் வேண்டும். முதுகு நிமிர அமர்ந்து, நான்கு எண்ணும் அளவு உள்வாங்கி, ஆறு எண்ணும் அளவு மெல்ல வெளிவிடுக, பத்துமுறை போதும். கும்பகம் சிறார்க்கு வேண்டா. மூச்சை அடக்குதல் குருமுகமாகப் பயிலுதற்குரியது. கண்ணை மூட அஞ்சும் குழந்தையை வற்புறுத்தலாகாது. ஒரு விளக்கையோ தன் கையையோ நோக்கியிருக்கட்டும். இதற்கு மதிப்பெண்ணும் போட்டியும் பரிசும் கூடா. தேர்வு நாளில் மட்டும் செய்விப்பதினும், நாடோறும் பாடந் தொடங்குமுன் ஆசிரியரும் உடனிருந்து செய்தலே சிறந்தது.

ஈண்டு அன்பர் இருவகை ஐயம் எழுப்புவர். யோகம் சரியை கிரியைகட்கு மேற்பட்ட நெறியாக, அதனைச் சிறார்க்குத் தருதல் முறையோ என்பது ஒன்று. யாம் கூறியது யோகநெறியன்று. கை கால் கழுவி அமர்தல் போன்றதோர் உடல் ஒழுக்கம். சரியைக்கு முற்பட்ட ஆயத்தமெனக் கொள்வார்க்கு இழுக்கில்லை. தீக்கையின்றித் திருவைந்தெழுத்தைப் பொதுப்பள்ளியில் ஓதுவிக்கலாமோ என்பது மற்றொன்று. தீக்கைக்குரிய செபம் தீக்கைக்கே உரியது. அதனை மதிப்பெண் பெறும் உபாயமாக்குதல் மணியை விற்று உமியைக் கொள்வதாம். கோட்டைப்பட்டினம் போன்ற ஊர்ப் பள்ளியில் இசுலாமியச் சிறாரும் பிறரும் ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றனர். ஆங்கு மூச்சொன்றே பொதுவாக அமைக. நாமம் வேண்டும் குழந்தை தன் இல்லத்திற் கேட்ட நாமத்தைத் தன்னுள்ளே நினைத்துக்கொள்க. யாண்டு வழிபடினும் ஆண்டு நின்று அருள்பவன் ஒருவனே என்னும் துணிபுடைய நமக்கு இதில் குறையொன்றுமில்லை.

மற்றும் ஓர் எல்லையுண்டு. உறக்கம் ஒழிந்து, உணவு வெறுத்து, உயிரை வெறுத்துப் பேசும் சிறாரிடத்து மூச்சுப்பயிற்சி கூறி அமைவது பெரும்பிழை. அவர்க்கு மருத்துவர் வேண்டும். மத்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி உதவி பெறலாம். மருந்தும் திருவருளின் வழியே வருவது. அதனைத் தள்ளுவோர் அருளையே தள்ளுகின்றனர்.

கோட்டைப்பட்டினத்திற்கு வடமேற்கே அணித்தாயுள்ளது திருப்பெருந்துறை. அரசன் பொருளைச் சுமந்து குதிரை கொள்ளக் கடற்றுறை நோக்கி வந்த வாதவூரர் ஆண்டுக் கண்டது யாது? குருந்தமரத்தின்கீழ் அமைதியே வடிவாய் வீற்றிருந்த ஆசிரியனையே. உபதேசம் பின்னர் வந்தது. முன்னர் வந்தது அவ்விருப்பு. அதனைக் கண்ட அளவில் அமைச்சின் பாரம் நழுவிற்று. பாரஞ் சுமந்து வரும் நம் சிறார்க்கு அத்தகைய நிழலில் ஒரு சிறு கூறேனும் பள்ளிதோறும் வேண்டும்.

பள்ளிகள் நடத்தும் ஆதீனங்களும் சைவச் சபைகளும் விடுமுறைக் காலத்தில் ஆசிரியர்க்கு இப்பயிற்சியை முதலில் அளித்துத் தொடங்குமாறு விண்ணப்பித்துக்கொள்கின்றோம். ஆரவாரமும் விழாவும் இதற்கு வேண்டா. அமைதியுற்ற ஓராசிரியர் வகுப்பினுட் புகுந்து அமர்வாராயின், நாற்பது பளிங்குகள் அந்நிறம் பெறும்.

திருச்சிற்றம்பலம்