ஓர் அகப்பைத் தண்ணீர்

ஒரு சிறிய அறையில் முன்பின் தெரியாத பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அறை எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ரயில் பெட்டியில் ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா என்று சண்டை பிடித்தவர்களுக்கு இதில் வேடிக்கை ஒன்றுமில்லை என்பது தெரியும். பின்லாந்து தேசத்தார் இந்தக் கேள்வியோடு தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தி வருகிறார்கள். அதுவும் பெரும்பாலும் உடுத்த துணியில்லாமல்.

அவர்களுடைய சௌனாவைத்தான் சொல்கிறேன். மரத்தாலான அறை; ஒரு மூலையில் அடுப்பு; அடுப்பின்மேல் கற்குவியல்; எதிரே படிப்படியாக உயரும் மரப் பலகைகள். உள்ளே 80 முதல் 100 டிகிரி வரை வெப்பம். தண்ணீர் கொதிக்கும் சூட்டில் மனிதன் எப்படி உட்கார முடியும் என்று கேட்பீர்கள். காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடனே ஆவியாகிறது; உடம்பு சமாளித்துக்கொள்கிறது. ஆனால் யாராவது வாளியிலிருந்து ஓர் அகப்பைத் தண்ணீர் மொண்டு கற்களின்மேல் ஊற்றிவிட்டால், கதையே வேறு. சீறிக்கொண்டு எழும் ஆவி கூரையைத் தொட்டு, முதுகிலும் காது மடல்களிலும் வந்து இறங்கும். ஜலதோஷத்துக்கு நம் வீடுகளில் வேது பிடிப்பதெல்லாம் இதன் முன்னே குழந்தை விளையாட்டு.

இந்த ஆவிக்கு அவர்கள் மொழியில் ‘லொய்லு’ என்று பெயர். அதற்கு உறவான ஹங்கேரியச் சொல்லுக்கு ஆன்மா என்று பொருள். இதை ஐரோப்பியர்களுக்கு விளக்குவதற்கு நீண்ட அடிக்குறிப்பு வேண்டும். நமக்கு வேண்டாம், கொதிக்கும் பானையிலிருந்து கிளம்புவதையும், உடலை விட்டுப் பிரிவதையும் ஒரே சொல்லால் குறிக்கிறவர்கள் அல்லவா நாம்!

அகப்பைக்கு வருவோம். ஊற்றுவது ஒருவர்; சுடுவது எல்லோருக்கும். ஆகவே ஊற்றுவதற்கு முன் மற்றவர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே மரியாதை. ‘இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா?’ அவ்வளவுதான். இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்துப் பேர் நடுவே ஒருவர் கேட்டால் எத்தனை பேர் ‘வேண்டாம்’ என்பார்கள்? கூச்சத்தால் தலையசைப்பவன் உண்மையில் சம்மதித்தவனா? நம் குடும்பங்களில் எத்தனையோ கல்யாணங்கள் இப்படிப்பட்ட தலையசைப்பில்தான் நிச்சயமாகியிருக்கின்றன!

சௌனாவில் இதற்கு ஒரு வழி உண்டு. சூடு மேலே ஏறும். ஆகையால் கீழ்ப் பலகையில் வெப்பம் குறைவு. தாங்காதவர் பேசாமல் கீழே இறங்கிக்கொள்ளலாம், கதவைத் திறந்து வெளியே போய்விடலாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, கேட்பதுதான் அநாகரிகம். வெளியேறுவது அவமானமல்ல என்றிருக்கிற இடத்தில்தான் ‘சரி’ என்ற சொல்லை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதையும் அந்த நாடே காட்டியிருக்கிறது. ஹெய்னோலா என்ற ஊரில் சௌனாவில் அதிக நேரம் உட்காருகிறவருக்கு உலக சாம்பியன் பட்டம் கொடுத்து வந்தார்கள். 110 டிகிரி வெப்பம். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை கற்களின்மேல் தண்ணீர். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் அதன் வழியே போனவன் தோற்றவன். 2010-ம் ஆண்டு இறுதிப் போட்டியில் ஒருவர் இறந்துபோனார். மற்றவர் பலத்த தீக்காயங்களுடன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அத்துடன் போட்டியை நிறுத்திவிட்டார்கள்.

சௌனாவில் எல்லோரும் சமம் என்று ஒரு பேச்சு உண்டு. ஆடையைக் களைந்தால் அந்தஸ்தும் போய்விடுமாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1960-ம் ஆண்டு செப்டம்பரில், ஜனாதிபதி கெக்கோனனின் அறுபதாவது பிறந்த நாளுக்கு வந்த குருஷ்சேவை அவர் சௌனாவுக்குள் அழைத்துப் போய் விடியும் வரை பேசிக்கொண்டிருந்தார். மேற்கு ஐரோப்பிய வர்த்தகக் கூட்டணியோடு பின்லாந்து சேர்ந்துகொள்ள அதன் பிறகுதான் வழி பிறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த அறைக்குள்ளும் ஒருவர் பெரிய ராஜ்யத்தின் தலைவர், மற்றவர் அதன் சின்ன அண்டை வீட்டுக்காரர். வேஷ்டியை அவிழ்த்தால் அவிழ்ந்துவிடுகிற சங்கதியா அது? அங்கே நான் மதிப்பது சமத்துவத்தை அல்ல, ஊற்றுமுன் கேட்கும் பழக்கத்தை.

கேட்காமலே வாழ வசதி வந்துவிட்டது என்பதும் உண்மை. ஐம்பத்தைந்து லட்சம் ஜனங்களுக்கு முப்பது லட்சத்துக்கு மேல் சௌனாக்கள். அடுக்குமாடி வீட்டுக் குளியலறைக்குள் மின்சார அடுப்பு, இஷ்டப்படி ஊற்றிக்கொள்ளலாம். ஹெல்ஸிங்கி நகரில் ஏராளமாக இருந்த பொதுச் சௌனாக்கள் இதனால் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிறகு, விநோதம் பாருங்கள், வீட்டில் சௌனா வைத்திருப்பவர்களே கடற்கரைக்கு வந்து அந்நியர்களோடு உட்கார ஆரம்பித்தார்கள். 2016-ல் திறக்கப்பட்ட ‘லொய்லு’ என்ற பெரிய கட்டடம் கட்டணம் வாங்குகிறது. நீச்சல் உடை கட்டாயம். அதைவிட எனக்குப் பிடித்தது சோம்பாசௌனா. துறைமுகம் காலி செய்துவிட்டுப் போன கரையில், 2011-ல் சில நகரவாசிகள் அனுமதி கேளாமல், கிடைத்த பலகைகளைக் கொண்டு கட்டியது. (அனுமதியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்வது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.) நகராட்சி இடித்தது, மறுபடி கட்டினார்கள். பிற்பாடு முறைப்படி சங்கம் அமைத்து, இடமும் மாறினார்கள். டிக்கெட் இல்லை, காவல்காரன் இல்லை. இரவு பகல் எந்நேரமும் போகலாம். விறகைப் பிளந்து அடுப்பில் போடுவதும் வருகிறவர்கள் பொறுப்பு.

கடல்தான் இழுக்கிறது என்பார்கள். கொதித்த உடம்போடு ஏணியில் இறங்கிப் பால்டிக் கடலின் குளிர்ந்த நீரில் முங்கி எழும்போது, ஒரு விநாடி மூச்சு நின்று திரும்பி வருவதில் அலாதியான ஆனந்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நடுங்கிக்கொண்டு கரையேறியவர்கள் போகிற இடம் மறுபடி அந்தப் பலகைதான். மேல் படியில் அகப்பையைக் கையில் வைத்திருக்கிறவர் திரும்பிப் பார்த்துக் கேட்கிறார். சிலர் தலையசைக்கிறார்கள். ஒருவர் கீழ்ப் பலகைக்கு இறங்கிக்கொள்கிறார். அவர் உட்காரும் வரை அகப்பை காத்திருக்கிறது.