விரிச்சி

குப்பத்தை அடுத்த குடுபல்லிப் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது அபசகுனமாகப் பேசினால் தெலுங்கு வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்கள். ததாஸ்து தேவதைகள் சுற்றும் வேளை. காதில் விழுந்தால் ‘அப்படியே ஆகட்டும்’ என்றுவிடுவார்களாம். இந்த நம்பிக்கைக்கு உறவான பழஞ்சொல் ஒன்று சங்கத் தமிழில் உண்டு: விரிச்சி.

விரிச்சியில் குறி சொல்பவர் என்று யாரும் இல்லை. போன காரியம் என்னாகுமோ என்று தவிப்பவர்கள் ஊர்ப்புறத்தில் நெல்லும் பூவும் தூவித் தொழுது காத்து நிற்பார்கள். யாரோ யாரிடமோ பேசுவது காதில் விழும். அதுவே வாக்கு. முல்லைப்பாட்டில், போருக்குப் போன அரசனுக்காக முதுபெண்டிர் அப்படி நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், உன் அம்மா இப்போது வந்துவிடுவாள் என்கிறாள் ஓர் இடைமகள். அரண்மனையில் அழும் அரசியை அவள் அறியமாட்டாள். எதிரே நிற்கும் கன்றுதான் அவள் கவலை. அந்த ஆறுதலைப் புலவர் நப்பூதனார் அரசிக்கான வாக்காக்குகிறார். ஆனால் அதைக் கேட்டும் அரசியின் கண்ணீர் நிற்கவில்லை. 103 அடிப் பாட்டில் என்னை மிகவும் உலுக்குவது இந்த இடம்.

கிரேக்கத்திலும் இதற்கு இணை உண்டு. ஃபாராய் நகரச் சந்தையில் ஹெர்மெஸ் தெய்வச் சிலையின் காதில் கேள்வியைச் சொல்லிவிட்டு, தன் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறி, கையை எடுத்ததும் கேட்கும் முதற்குரலை வாக்காகக் கொண்டதைப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதியிருக்கிறார்.

தொல்காப்பியம் விரிச்சியை வெட்சித் திணையில் வைக்கிறது. ஆநிரை கவரப் புறப்படும் மறவர்களும் நற்சொல்லுக்குக் காத்திருந்தார்கள். பிறர் மாட்டைக் கவரப் போனவனுக்கும், வீட்டில் காத்துக் கிடந்தவளுக்கும் ஒரே சடங்கு. யார் பேச்சு யாருக்குப் பலிப்பது?

நற்சொல் வாய்க்காமல் போனதையும் நம் புலவர்கள் மறைக்கவில்லை. புறநானூறு 280இல் மாறோக்கத்து நப்பசலையார் காட்டும் வீட்டில், கணவன் மார்பில் கொடும்புண். விளக்கு நிற்காமல் அணைகிறது. விரிச்சி பார்க்கும் முதியவளின் சொல்லும் நிறைவாக அமையவில்லை. கைம்மை வருகிறது என்று மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. குறுந்தொகை 218இல் கொற்றன் பாடும் தலைவியோ, சூலித் தெய்வத்துக்கு நேரவும் மாட்டோம், விரிச்சிக்கு நிற்கவும் மாட்டோம் என்கிறாள். உயிருக்கு உயிரானவன் இல்லாமல் இமைப்பொழுதும் இருக்க முடியாத நம்மை, அவன் மறந்து அங்கேயே இருக்கிறானே என்பது அவள் வாதம். நம்பிக்கை, அச்சம், மறுப்பு மூன்றும் ஒரு சடங்கைச் சுற்றியே பேசப்பட்டிருக்கின்றன.

விரிச்சி என்றால் நற்சொல் என்று வகுப்பில் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். நப்பசலையார் காட்டும் மனைவிக்கு அந்த நற்சொல் கிடைக்கவே இல்லை. தமிழாசிரியர்கள் முல்லைப்பாட்டை நடத்தும்போது இந்த இரண்டு சிறு பாட்டுகளையும் சேர்த்தே படித்துக் காட்ட வேண்டும்.