மறுப்பைக் கேட்கத் தெரிந்தவன்

காதல் கதையில் ஒருவனை நாயகனாக்குவது எது? அழகு, செல்வம், துணிவு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ அந்த அடுக்கையே சோதித்துப் பார்க்கிற நாவல். டார்சி எலிசபெத்திடம் இரண்டு முறை திருமணம் கேட்கிறான். இரண்டு முறையும் அதே முகம், அதே பெம்பர்லி மாளிகை, ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு என்று ஊரார் பேசும் அதே வருமானம். முதல் முறை அவள் மறுக்கிறாள். இரண்டாம் முறை சம்மதிக்கிறாள். அப்படியென்றால் அவள் மனத்தைத் திருப்பியவை முகமும் மாளிகையும் அல்ல. முதல் முறை அவள் குடும்பத்தின் தாழ்வைச் சொல்லிக்காட்டியபடியே, மறுக்கமாட்டாள் என்ற உறுதியோடு கேட்டவன் அவன். இரண்டாம் முறை, மனம் மாறவில்லையென்றால் இனி இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறான்.

எலிசபெத்தும்தானே மாறினாள் என்று கேட்கலாம். டார்சியைப் பழித்துப் பேசிவந்த விக்கம் என்பவனைப் பற்றிய உண்மையை டார்சியின் கடிதம் அவளுக்குப் புரியவைத்தது மெய்தான். ஆனால் அதைப் படித்து நம்பிய பிறகும் அவள் மறுத்ததற்காக வருந்தவில்லை. அவனை மறுபடி பார்க்கவும் விரும்பவில்லை. அவளை அசைத்தது மறுப்புக்குப் பின் அவன் நடந்துகொண்ட விதம். அவள் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போனபோது, அவனுடைய கடனை அடைத்துத் திருமணத்தை நடத்திவைத்தான் டார்சி. அதை எலிசபெத்திடமிருந்து மறைக்கவும் செய்தான். நன்றியைக் காட்டிச் சம்மதம் வாங்க அவன் முயலவில்லை. தனக்கு வெளியே இன்னோர் உயிர் மெய்யாகவே இருக்கிறது என்று உணர்வதுதான் அன்பு, அது மிகக் கடினமானது என்றார் தத்துவ அறிஞரும் நாவலாசிரியருமான ஐரிஸ் மர்டாக். டார்சி கற்றுக்கொள்வது அந்தக் கடினத்தைத்தான்.

அடங்காதவன், ஆபத்தானவன்தானே வாசகரைக் கட்டிப்போடுகிறான் என்பது வலுவான மறுப்பு. ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலின் ஹீத்கிளிஃபை யாரும் மறப்பதில்லை. ஆனால் அவனைக் காதல் நாயகனாக எண்ணி மணந்த இசபெல்லா, கொடுமை தாங்காமல் தப்பி ஓடுகிறாள். அவளுடைய அந்தக் கற்பனையை ஹீத்கிளிஃபே ஏளனம் செய்கிறான். நம்மைக் கவரும் வேகம் வேறு, ஒருத்தி நம்பி வாழத்தக்க அன்பு வேறு என்பதை அந்த நாவலே காட்டிவிடுகிறது. வெறும் நல்லவன் சலிப்பூட்டுவான் என்பதும் சரிதான். டார்சியின் நண்பன் பிங்லி நல்லவன், ஆனாலும் கதை அவனைச் சுற்றி நகரவில்லை. நற்குணம் சோதனைக்கு உள்ளாகும்போதுதான் நம்மை ஈர்க்கிறது. அந்தச் சோதனைகளில் மிகக் கடுமையானது, வற்புறுத்தும் வலிமை கையில் இருந்தும் அடுத்தவரின் விருப்பத்துக்குக் கட்டுப்படுவது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் சம்மதத்துக்குப் பொருள் இல்லை. அந்த உரிமையைக் காப்பவனே நாயகன்.