அந்நிய நகரில் ஸ்வதர்மம்

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு பொழிந்தபோது, அந்நகரின் துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் வீதிகளைச் சுத்தம் செய்தும் ஜீவனம் நடத்திய இந்திய ஏழைகள் பல்லாயிரவர் ஊரை விட்டு ஓடினர். சர்க்கார் அழைக்கவே, பலர் திரும்பியும் வந்தனர். பிறந்த மண்ணல்லாததும், 1930-ஆம் ஆண்டுக் கலவரத்தில் தெலுங்குத் தொழிலாளரின் இரத்தத்தைச் சிந்தியதுமான ஓர் ஊருக்கு, உயிரைத் துச்சமாக எண்ணி ஊழியம் செய்யும் கடமை மனிதனுக்கு உண்டா?

ஸ்வதர்மம் ஜன்மத்தால் மட்டுமே வருவதென்போர் இல்லையென்பர்; அதை நான் ஒப்பேன். அன்றாடம் கூட்டிய தெருவும், கஷ்டகாலத்தில் அரிசி கடன் கொடுத்த அண்டை வீட்டாரும் ஒருவனைத் தர்மபந்தத்தால் பிணிக்கவே செய்கின்றனர். ஆனால் அக்கடமையை அவன் தானே மனமுவந்து ஏற்கலாமேயன்றி, அவனைக் காக்க வழி செய்யாத அரசுக்கு அதைக் கேட்கும் யோக்கியதை ஏது? அவ்வரசே 1942 மார்ச்சில் நகரைக் கைவிட்டது. அம்மக்களோ மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்து தாயகம் நோக்கினர், வழியில் காலராவுக்கு இரையானோர் பலர்.