வீடு விற்போனும் கறையானும்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. குடியிருக்கும் இல்லம் ஒன்று, பேரின்ப முத்தி மற்றொன்று. இரண்டாவது வீட்டைப் பற்றிப் பேசுதற்கு இம்மலரிலே அறிஞர் பலர் உளர். அடியேன் எடுத்துக்கொண்டது முதலாவது வீட்டையும், அதிலே வாடகையின்றிக் குடியிருக்கும் கறையானையும் பற்றியதாகும்.

கற்பிட்டி மணலிலே வீடு கட்டியோர் யாவரும் கறையானை அறிவர். அது வெளிச்சத்துக்கு அஞ்சும் பிராணி. ஈரமின்றி வாழாது. ஆகையால் நிலத்தடியிலிருந்து சுவர் வழியே விரலளவு மண்குழாய் அமைத்து, அதனுள்ளே மறைந்து ஏறிக் கதவுநிலையையும் வளையையும் கைமரத்தையும் சென்றடையும். உள்ளே உள்ளதையெல்லாம் தின்றுவிட்டு, மேற்புறத்தைக் கடதாசி போல் மெல்லிதாக விட்டுவைக்கும். பார்ப்பவனுக்கு மரம் மரமாகவே தெரியும், தட்டிப் பார்த்தால்தான் வெறுமை கேட்கும். வைரம் பாய்ந்த முதிர் பனை ஓரளவு தாங்கும். இளந்தென்னைக்கு அத்தகைய தாங்குதிறன் இல்லை.

இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. இதே கறையான் வெளியே கட்டும் புற்றுக்கு நாம் மஞ்சள் பூசிப் பால் வார்த்து நாகதம்பிரானாகக் கும்பிடுகிறோம். வான்மீகி முனிவரின் பெயரே புற்றைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. வெளியே தெய்வமாயிருப்பது உள்ளே வந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம்!

இனி விடயத்துக்கு வருவோம். மகளின் கலியாணத்துக்காக ஒருவர் வீட்டை விற்க முனைகிறார் என வைத்துக்கொள்வோம். கூரை வளையிலே கறையான் இருப்பது அவருக்கு மட்டுமே தெரியும். வாங்க வந்தவர் வாஸ்து பார்த்தார், கிணற்று நீரைக் குடித்து உப்பா என்று பார்த்தார், வளையைத் தட்டிப் பார்க்கவில்லை. அவர் கேளாததை இவர் சொல்ல வேண்டுமா? சொன்னால் விலை விழும், கலியாணம் தள்ளிப்போகும். சொல்லாவிட்டால் பொய் சொன்னதாகவும் ஆகாது, ஏனெனில் அவர் வாய் திறக்கவேயில்லை.

இக்கேள்வி புதியதன்று. கி.மு. 44இல் உரோம அறிஞர் சிசரோ, ஏதென்சிலே கல்வி கற்றுக்கொண்டிருந்த தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியிலே இதே வழக்கை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். அவர் சொல்லும் வீட்டிலே மரங்கள் உளுத்தவை, அறைகள் தோறும் பாம்பு. உடையவனைத் தவிர வேறெவரும் அறியார். (புற்றிருந்தால் பாம்பும் வரும் என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.) பபிலோன் நகரத்து டயோஜினிஸ் என்னும் ஞானி விற்றவன் பக்கம் பேசுகிறார்: அவன் உன்னை வற்புறுத்தினானா? தனக்குப் பிடியாததை விற்றான், நீ உனக்குப் பிடித்ததை வாங்கினாய். தன் வீடு ஆகாத வீடு என்று கூறி விற்பவன் உலகில் உண்டோ? அவருடைய சீடரான அன்ரிபாற்றரோ குருவையே மறுக்கிறார். வழி தவறியவனுக்கு வழி காட்டாதிருப்பது ஏதென்சிலே சாபத்துக்குரிய குற்றம். இதுவோ அதனினும் கொடியது, தெரிந்துகொண்டே ஒருவனைத் தவறான வழியில் விடுவது என்பது அவர் வாதம்.

சிசரோ சீடர் பக்கமே சாய்கிறார். வாய் மூடியிருப்பதெல்லாம் மறைத்தலாகாது. ஆனால் நீ அறிந்த ஒன்றை, அறிய வேண்டியவன் அறியாதிருப்பதால் உனக்கு இலாபம் வருமாயின், அது மறைத்தலே என்கிறார். அடியேனுக்கும் இதுவே சரியெனப் படுகிறது. கடலிலே எத்தனை மீன் உண்டென்று எல்லாருக்கும் சொல்லித் திரிய வேண்டியதில்லை. ஆனால் ஓட்டை உள்ள வள்ளத்தை விற்பவன் ஓட்டையைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனெனில் அதிலே ஏறப்போவது வாங்கியவன்.

அந்த உரோமச் சட்டம் நமக்குத் தூரமானதன்று. நம்மூர்க் கோட்டையை 1667இல் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர், கல்லோடு தம் சட்டத்தையும் இத்தீவுக்குக் கொண்டு வந்தனர். பிரித்தானியர் 1799இல் பிரகடனம் செய்து அதைத் தொடரவிட்டனர். காணி, வீடு விற்பனையிலே உரோம-டச்சுச் சட்டமே இன்றும் அடிப்படை. பார்த்தால் தெரியாத மறைகுறை இருந்தால் வாங்கியவர் விலையைக் குறைக்கவோ, குறை பெரிதாயின் வீட்டைத் திருப்பிவிடவோ வழக்காடலாம். இருக்கிறபடியே வாங்கிக்கொள் என்று உறுதியிலே எழுதிவிட்டால் போதும் எனச் சிலர் எண்ணுகின்றனர். குறையை அறிந்தே மறைத்தவனை அந்த வாசகம் காப்பாற்றாது.

ஆனால் சட்டம் வழக்காட வசதியுள்ளவருக்கே கைகொடுக்கும். 1990 ஒக்டோபரிலே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்குடாநாட்டுக்கு வந்த முஸ்லிம் மக்கள் ஆண்டுக்கணக்கில் கிடுகுக் கொட்டில்களிலே இருந்தனர். ஒரு வீட்டை இழந்தவர் சிறுகச் சிறுகச் சேர்த்து இன்னொன்றை வாங்குகையில், நொத்தாரிசுக்குக் கொடுத்தது போக வழக்குக்குக் காசு ஏது? இன்று வெளிநாட்டிலிருந்து அற்றோர்னித் தத்துவம் கொடுத்து விற்போரும், படம் பார்த்து வாங்குவோரும் பெருகிவிட்டனர். படத்திலே கறையான் தெரியாது.

மௌனத்தை விடவும் ஒரு படி கீழே உள்ளது, மண்குழாயைச் சுரண்டி, துளையை மாவால் அடைத்து, புதுப் பெயின்ற் பூசி ஆளைக் கூட்டி வந்து காட்டுவது. ‘கொஞ்சம் அழகுபடுத்தினேன்’ என்பார்கள். கோயிலுக்கு உபயம் செய்யும் கை அதுவாகவும் இருந்துவிடுகிறது. திருவள்ளுவர் வணிகருக்குச் சொல்ல வந்ததைப் பொருட்பாலிலே வையாது, அறத்துப்பாலின் நடுவுநிலைமை அதிகாரத்திலே வைத்தது ஏன் என்று இவ்வாறான வேளையிலேதான் விளங்குகிறது.

ஒரேயொரு குறை வாங்குவோர் பக்கமும் உண்டு. ‘தம்பி, இந்த வளையிலே கறையான் இருக்கிறது, மாற்றச் செலவு இவ்வளவு வரும், அதைக் கழித்துக்கொண்டு தாரும்’ என்று ஏணி வைத்துக் காட்டும் மனிதர் நம்மிடையே இருக்கத்தான் செய்கின்றனர். அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, மாற்றும் செலவைப்போல் மூன்று மடங்கு குறைத்துக் கேட்பதும், சந்தியிலே நின்று அது கறையான் வீடு என்று பரப்பி மற்றவரும் வராமல் செய்வதும் நடக்கிறது. அடுத்த முறை அம்மனிதர் ஏணியை வெளியே எடுப்பாரா?